வேலிப் பாலும் கண் பார்வையும்

ஆற்காடு, வாலாஜா, வேலூர், ஆம்பூர் வட்டாரங்களில் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்கள் வேலிக்கென்று தனியாகப் பணம் செலவழிப்பது குறைவு. கொம்புக்கள்ளியை ஒடித்து வரப்போரம் ஊன்றிவிட்டால் அது தண்ணீர் கேட்பதில்லை, உரம் கேட்பதில்லை. எருக்கு யாரும் நடாமலே முளைத்து நிற்கிறது. வாசலிலும் கிணற்று மேட்டிலும் பூவுக்காக அரளி நட்டிருப்பார்கள். கோடையில் பாலாறு மணலாய்க் கிடக்கும்போதுகூட இந்த மூன்றும் பச்சை மாறாமல் நிற்கும். ஆடும் மாடும் இவற்றில் வாய் வைப்பதில்லை என்பதால்தான் இவை நல்ல வேலி.

ஆடு ஏன் வாய் வைப்பதில்லை என்று சற்று யோசித்தால், மனிதர் இவற்றை எப்படிக் கையாள வேண்டும் என்பதும் விளங்கிவிடும். மூன்றிலும் விஷம் உண்டு. கள்ளியிலும் எருக்கிலும் அது பாலில் இருக்கிறது. அரளியில் இலை, பட்டை, வேர், பூ, விதை என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. சாப்பிட்டால் ஆபத்து என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கள்ளிப்பால் என்ற சொல்லுக்கே தமிழ்நாட்டில் ஒரு வேதனையான வரலாறு உண்டு. 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்தது அந்த வரலாற்றினால்தான். ஆனால் உள்ளே போனால் உயிரை எடுக்கும் என்று அறிந்தவர்கள்கூட, ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் என்ன ஆகும் என்பதைப் பெரிதாக எண்ணுவதில்லை. துண்டால் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். பார்வை கெடுவது இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வலிக்காத விஷம்

முதலில் எருக்கைப் பார்ப்போம். நடவுக்கு முன்பு சேற்றில் மிதிக்க எருக்கந்தழை நல்லது என்று இந்த வட்டாரத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். கொளுஞ்சி, புங்கம், வேம்பு, ஆவாரை ஆகியவற்றோடு எருக்கையும் வெட்டிச் சேர்ப்பது பழைய வழக்கம். சொர்ணவாரிக்கும் சம்பாவுக்கும் தழை வெட்டப் போகிறவர்கள் கட்டுக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருகிறார்கள். வெட்டிய காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டே இருக்கும். அது நெற்றியில் இறங்கி வியர்வையோடு கலக்கிறது. வழிகிற வியர்வையைப் புறங்கையால் துடைக்கும்போது அந்தக் கையிலும் பால் இருக்கிறது. இப்படித்தான் பெரும்பாலும் பால் கண்ணுக்குள் போகிறது. நேராகத் தெறித்தால்தான் விபத்து என்பதில்லை.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி வந்தால் எருக்கம்பூ மாலைக்காகச் சிறுவர்களை அனுப்புவது உண்டு. தை மாதம் ரதசப்தமி அன்று எருக்கிலையைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடுவதும் உண்டு. பூவைக் கிள்ளினாலும் இலையைக் கிள்ளினாலும் பால் வரும். அதே கையால் கண்ணைக் கசக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

எருக்கம்பாலில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. மிளகாய் பட்டால் கண் எரிகிறது, உடனே தண்ணீரைத் தேடி ஓடுகிறோம். எருக்கம்பால் பட்டால் பலருக்கு வலியே தெரிவதில்லை, ஏனென்றால் அந்தப் பாலுக்குக் கண்ணை மரத்துப்போகச் செய்யும் தன்மை உண்டு. சிறிது கூச்சம் இருக்கும், கண் சிவக்கும், அவ்வளவுதான். சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ, பனிமூட்டத்தில் பார்ப்பது போல எல்லாம் மங்கலாகத் தெரியும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். இதை மேற்கு வங்காளத்தைச் சேர்ந்த கண் மருத்துவர்கள் 29 நோயாளிகளைக் கவனித்து, 2009ல் இந்திய கண் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கண்டது எருக்கின் நெருங்கிய உறவான இன்னொரு வகைச் செடியால் ஏற்பட்ட பாதிப்பு. வந்தவர்கள் சொன்னது பார்வை திடீரென்று மங்கியது, வெளிச்சம் கூசியது, ஆனால் வலி இல்லை என்பதுதான்.

காரணம் இது. கருவிழியின் உட்புறத்தில் ஒரே வரிசையாக மெல்லிய உயிரணுக்கள் பரவியிருக்கின்றன. கருவிழிக்குள் நீர் தேங்காமல் வெளியேற்றிக் கண்ணாடி போலத் தெளிவாக வைத்திருப்பது அவற்றின் வேலை. எருக்கம்பால் கருவிழியை ஊடுருவிப் போய் இந்த உயிரணுக்களைத் தாக்குகிறது. அவை சோர்ந்தால் கருவிழி நீர் கோத்து வீங்கி மங்குகிறது. உடனே சிகிச்சை எடுத்தால் பெரும்பாலோருக்கு ஒன்று இரண்டு வாரத்தில் பார்வை தெளிந்துவிடும். ஆனால் அந்த உயிரணுக்கள் மனிதருக்கு மறுபடி வளர்வதில்லை, இழந்தது இழந்ததுதான். இளவயதில் ஒரு கண் இதில் இருந்து தப்பித்தாலும், பிற்காலத்தில் புரை அறுவை செய்யும்போது மருத்துவர் கூடுதல் எச்சரிக்கையோடு செய்ய வேண்டிவரும். அதனால் பழைய சம்பவத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு எருக்கம்பாலின் வலிமையைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய காலத்தில் தோலிலிருந்து மயிரை நீக்க எருக்கம்பாலை உபயோகித்த வழக்கம் உண்டு. புரதத்தைக் கரைக்கும் பொருள்கள் அதில் இருப்பதால்தான் மயிர்க்கால் தளர்ந்து மயிர் கழன்று வந்தது. ஆட்டுத்தோலின் மயிரைக் கழற்றுகிற பால் மனிதக் கண்ணில் சும்மா இருக்காது.

கள்ளி தருகிற வேதனை

கொம்புக்கள்ளியின் குணம் வேறு. இதைத் திருகுகள்ளி என்றும் குச்சிக்கள்ளி என்றும் சொல்வார்கள். இலை இல்லாமல் பச்சைப் பென்சில்கள் போலக் கிளைத்து நிற்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி. ஒருகாலத்தில் இதன் பாலிலிருந்து பெட்ரோல் எடுக்கலாம் என்றுகூடப் பேச்சு இருந்தது. 1961ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி மெல்வின் கால்வின், 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது, கள்ளி இனச் செடிகளை எரிபொருள் பயிராக வளர்க்கலாம் என்று ஆராய்ச்சி செய்தார். எண்ணெய்ப் பயிராக அது வயலுக்கு வரவில்லை, வேலியாகவே நின்றுவிட்டது.

இந்தப் பாலில் தோலையும் கண்ணையும் கொப்புளிக்க வைக்கும் காரமான பொருள்கள் இருக்கின்றன. கண்ணில் பட்டதும் எரிச்சல் எடுக்கும். தண்ணீர் ஊற்றியபின் கொஞ்சம் தணிவது போல இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து படுத்தபிறகு, இரவில் எரிச்சல் அதிகமாகி, கண்ணைத் திறக்க முடியாமல், இமை வீங்கி, கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். பட்டவுடன் இருந்ததைவிட 8 மணி முதல் 24 மணி நேரம் கழித்து நிலை மோசமாவது கள்ளிப்பாலின் வழக்கம். கருவிழியின் மேல்தோல் உரிந்து புண்ணாவதும், கண்ணின் உட்பகுதி அழற்சி அடைவதும் நடக்கும். சதுரக்கள்ளிக்கும் இலைக்கள்ளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வேலியைக் கழிக்கிறவர்களுக்குத்தான் இந்த அபாயம் அதிகம். தலைக்கு மேல் வளர்ந்த கள்ளியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அரிவாள் வீசினால் பால் எங்கே விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுகொள்ள வேண்டும். வேலியை ஆள் உயரத்துக்கு மேல் வளரவிடாமல் ஆண்டுக்கு ஒருமுறை கழித்துவிட்டால், முகத்துக்கு நேரே வெட்ட வேண்டிய அவசியமே வராது. வெட்டிய கிளைகளை அன்றைக்கே அள்ளாமல் ஒருநாள் போட்டுவைத்தால் பால் வற்றிவிடும், தூக்கும்போது சொட்டாது. முழுக்கைச் சட்டை வேண்டும். கண்ணுக்கு வெல்டிங் கடைகளில் விற்கும் சாதாரணப் பிளாஸ்டிக் கண்ணாடி போதும். அது இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெட்டினாலும் தப்பில்லை. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இன்னொரு சிறிய விஷயம், ஆனால் முக்கியமானது. அரிவாளில் படிந்த பாலைப் பலரும் தோளில் கிடக்கும் துண்டால் துடைக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே துண்டால் முகத்தைத் துடைக்கிறார்கள். அரிவாளை மண்ணிலோ சாம்பலிலோ தேய்த்துத் துடைக்க வேண்டும். தழை வெட்டப் போகும்போது முகத்துக்கென்று ஒரு துணியைத் தனியாக இடுப்பில் செருகிக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கள்ளிப்பால் வெறும் தண்ணீரில் சுலபமாகப் போகாது.

முதல் கால்மணி நேரம்

கண்ணில் பால் பட்டால் என்ன செய்வது? முதல் கால்மணி நேரத்தில் செய்வதுதான் பார்வையைத் தீர்மானிக்கிறது. கசக்காமல், இமையை விரல்களால் விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிக் கழுவ வேண்டும். பாதிக்கப்பட்டவர் தலையைச் சாய்த்துக்கொள்ள, இன்னொருவர் சொம்பிலிருந்து மெல்ல ஊற்றுவது சுலபம். பால் பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வழிகிற தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகும். கண்ணை மேலும் கீழும் பக்கவாட்டிலும் உருட்டச் சொல்லி, இமைக்குள்ளும் தண்ணீர் போகும்படி செய்ய வேண்டும். ஒரு கை தண்ணீர் தெளிப்பது கழுவுவது ஆகாது. 15 முதல் 20 நிமிடம் வரை விடாமல் ஊற்ற வேண்டும்.

இதற்கு எந்தத் தண்ணீர் என்ற கேள்வி இந்த வட்டாரத்தில் சாதாரணமானது அல்ல. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரையில் பல ஊர்களின் கிணற்று நீர் தோல் பதனிடும் கழிவால் கெட்டது யாவரும் அறிந்ததே. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரும் அளவுக்கு அந்த வழக்கு போனது. வாய்க்கால் தண்ணீரிலோ சேறு மண் கலந்து, பூஞ்சைக் கிருமியும் இருக்கும். ஆகவே தழை வெட்டப் போகிறவர்களும் வேலி கழிக்கப் போகிறவர்களும் குடிதண்ணீர் ஒரு குடமோ பெரிய கேனோ கூடவே எடுத்துப் போவது அவசியம். ஒழுங்காக நடக்கும் தொழிற்சாலைகளில் கண் கழுவத் தனிக் குழாய் வைத்திருப்பார்கள். வயலில் அந்தக் குடம்தான் அந்தக் குழாய். குடிதண்ணீர் கைவசம் இல்லாமல் போய்விட்டால் நல்ல தண்ணீரைத் தேடி வீட்டுக்கு ஓடுவதில் நேரத்தை வீணாக்கக்கூடாது. பம்புசெட்டில் வரும் தண்ணீரிலாவது உடனே கழுவிவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் மறுபடி கழுவலாம்.

தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, நந்தியாவட்டைப் பூவைப் பிழிவது, ஆட்டுப்பால் விடுவது ஆகிய பழைய கைவைத்தியங்கள் இங்கே இன்னும் வழக்கத்தில் இருக்கின்றன. ஏற்கெனவே மேல்தோல் உரிந்த கருவிழியில் இவை கிருமியைக் கொண்டு சேர்க்கும். கருவிழியில் சிறு காயம் பட்ட இடத்தில் கிருமி சேர்ந்தால் வெண்புண்ணாகிப் பார்வையே போய்விடும். மதுரையில் 1994ல் மூன்று மாத காலத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 284 பேருக்குப் புண் வருவதற்கு முன் கண்ணில் ஏதாவது காயம் பட்டிருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் விவசாயிகள். நெற்கதிர், சோகை, முள், மண் என்று வயலில் படுகிற சிறு காயம்தான் பெரும்பாலும் ஆரம்பம். கள்ளிப்பால் செய்கிற காயமும் அதே வழியில் போகக்கூடியது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். சிவப்பை உடனே குறைக்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். கள்ளிப்பால் பட்ட கண்ணுக்கு மருத்துவரே சில சமயம் அதைக் கொடுப்பார். ஆனால் பூஞ்சைப் புண் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். புண் இருக்கும்போது தெரியாமல் விட்டால் அது கருவிழியையே துளைத்துவிடும். கண் மருத்துவர் ஒரு மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், உரிந்த இடம் பச்சையாகப் பளிச்சென்று தெரிந்துவிடும். சில நிமிட வேலைதான்.

கழுவியபின் வலி இல்லை என்பதற்காக வீட்டில் இருந்துவிடக்கூடாது. எருக்கம்பால் என்றால் வலி இருக்காது, கள்ளிப்பால் என்றால் இரவில்தான் தெரியும். இரண்டுக்கும் அன்றைக்கே கண்ணைக் காட்டிவிட வேண்டும். போகும்போது எந்தச் செடியின் பால் என்று சொல்லத் தெரியாவிட்டால், அதன் சிறு கிளை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போகலாம். வேலூரில் 1902ல் மேரி டேபர் ஷெல் பெயரில் டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனை பிற்காலத்தில் கண் சிகிச்சைக்கே பெயர் பெற்றது. அதை இந்த வட்டாரத்துக்காரர்கள் ஷெல் ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், வாலாஜா அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. பஸ் கிடைக்காத இடத்திலிருந்து 108க்குச் சொல்லலாம்.

சுண்ணாம்பு

கண்ணைக் கழுவும் முறை பற்றிச் சொல்லும்போது சுண்ணாம்பையும் சொல்லாமல் விட முடியாது. தோல் தொட்டிகளில் வேலை செய்கிறவர்கள் சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டும்போது அது கண்ணில் தெறிக்கிறது. அந்தக் குடும்பங்களிலேயே பாதிப் பேர் வயலுக்கும் போகிறவர்கள். போர்டோ கலவைக்கு நீற்றும்போதும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும், வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அமுக்கிப் பார்க்கும்போதும் இதே விபத்துதான். இது செடிப்பாலைவிடக் கொடியது. காரப்பொருள் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும். இமைக்கு அடியில் ஒட்டிய துணுக்குகளை ஈரத் துணியின் நுனியால் எடுத்துவிட்டு, அரைமணி நேரமாவது கழுவி, வழியெல்லாம்கூடத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலுமிச்சம்பழச் சாறோ வினிகரோ விட்டு "முறிக்க" முயல்வது கண்ணைக் கெடுத்துவிடும்.

அரளியும் ஆடும்

அரளிக்கு இந்த வட்டாரத்தில் இரண்டு பெயர் வழங்குகிறது. சிவப்பும் வெள்ளையும் பூப்பது அரளி. மஞ்சள் பூவும் முக்கோணக் காயும் விடுவது மஞ்சள் அரளி அல்லது பொன்னரளி. இரண்டும் வேறு வேறு செடிகள் என்றாலும் இரண்டின் விஷமும் இருதயத்தைத் தாக்குவதே. தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அரளியை நட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். எதிரே வரும் வண்டியின் விளக்கு வெளிச்சத்தை மறைக்கும், தண்ணீர் குறைவாகப் போதும், மாடு தின்னாது என்பது காரணம். சேலம் பக்கம் பனமரத்துப்பட்டியில் அரளி ஒரு முக்கியமான பூச்சாகுபடி.

பச்சை அரளி கசப்பாக இருப்பதால் ஆடு தின்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் வெட்டிப் போட்டு வாடிய அரளியில் அந்தக் கசப்பு மழுங்கிவிடும், விஷம் மட்டும் குறையாது. காய்ந்து சருகானாலும் குறையாது. சித்திரை வைகாசியில் மேய ஒன்றும் இல்லாமல் அலையும் ஆடு அதைத் தின்றுவிடுகிறது. புல்லோடு சேர்த்து அறுத்துப் போட்ட தீவனத்தில் அரளி இலை கலந்திருந்தால் மாட்டுக்குப் பிரித்தெடுக்கத் தெரியாது. பத்து இருபது இலை ஒரு மாட்டைச் சாய்க்கப் போதும். ஆட்டுக்கு அதைவிட மிகக் குறைவு. தொட்டித் தண்ணீரில் இலையும் பூவும் உதிர்ந்து ஊறினால் அந்தத் தண்ணீரும் ஆகாது. வாசலில் அரளி, அதன் கீழேயே மாட்டுத் தொட்டி என்று வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. தொட்டியை நகர்த்துவது ஒரு மணி நேர வேலை.

விஷம் தாக்கிய ஆடு முதலில் தீவனத்தை விட்டுவிடும். வயிறு உப்பும், கழியும், கால் தள்ளாடும், நாடி தாறுமாறாகத் துடிக்கும். பல சமயம் எதுவும் தெரியாமலே காலையில் பட்டியில் செத்துக் கிடக்கும். சந்தேகம் வந்த ஆட்டை ஓட்டவோ அதட்டவோ கூடாது, ஏனென்றால் இருதயம் தாங்காது. நிழலில் கட்டிவைத்துக் கால்நடை மருத்துவரை அழைத்துவர வேண்டும். என்ன தின்றது என்பதைச் சொன்னால் அவர் வேலை பாதி முடிந்தது. செத்த ஆட்டை அறுத்துப் பங்கு போடுவது பழக்கத்தில் இருக்கிறது. விஷத்தால் செத்தது என்று சந்தேகம் இருந்தால் நஷ்டம் என்று பார்க்காமல் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். தோலுக்கு வரும் விலையை நினைத்து உரிக்கத் தொடங்கினால் கறி சும்மா போகவா என்ற எண்ணம் தானே வந்துவிடும்.

அரளிக் கட்டையை அடுப்பில் வைக்கக்கூடாது. புகை கண்ணையும் நெஞ்சையும் அறுக்கும். கழித்துப் போட்ட கள்ளியைக் கொளுத்தும் புகைக்கும் இது பொருந்தும். பூப் பறிக்கிறவர்கள் கை கழுவாமல் சோற்றில் கைவைக்கக்கூடாது என்பதை வீட்டுப் பெண்களிடம் கட்டாயம் சொல்லி வைக்க வேண்டும்.

ஆடு தின்னாத இலைகள்

சமீப காலமாக இயற்கை முறையில் சாகுபடி செய்கிறவர்கள் "ஆடு தின்னாத இலை"களைச் சேகரித்து இடித்து, கோமியத்தில் ஊறவைத்துப் பூச்சிவிரட்டிக் கரைசல் தயாரிக்கிறார்கள். எருக்கு, ஆடாதொடை, நொச்சி, வேம்பு, ஊமத்தை, ஆடுதின்னாப்பாளை, சில இடங்களில் அரளி என்று சேர்க்கிறார்கள். ஆடாதொடைக்கு ஆடு தொடாத இலை என்றும், ஆடுதின்னாப்பாளைக்கு ஆடு தின்னாத பாளை என்றும் பெயர் வைத்தவர்கள் மேய்ப்பவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். நல்ல பெயர்கள். ஆனால் ஆடாதொடையும் ஆடுதின்னாப்பாளையும் ஒன்றல்ல. முதலாவது இருமலுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கும் மூலிகை. இரண்டாவதின் இனத்தில் உள்ள ஒரு பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது 1990களில் ஐரோப்பாவில் பெல்ஜியம் நாட்டில் தெரியவந்தது. பூச்சி சாகிற அல்லது ஓடுகிற அளவுக்குக் காரம் உள்ள சாறு, தெளிக்கிறவர் கண்ணுக்கும் காரமாகத்தான் இருக்கும். கடை மருந்து தெளிக்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்கிறவர்கள், இலைக் கரைசல் என்றால் வெறுங்கையால் பிழிந்து வெறும் முகத்தோடு தெளிக்கிறார்கள். இடிக்கும்போதும் வடிகட்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். கரைசல் வைத்த பானையைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் மூடி வைக்க வேண்டும். அதில் சமையல் பாத்திரத்தை உபயோகிக்கவே கூடாது.

வேலியில் இன்னொரு செடி காட்டாமணக்கு. அதன் பாலை இலைக்காம்பில் தொட்டு ஊதிக் குமிழி விடுவது கிராமத்துப் பிள்ளைகளின் பழைய விளையாட்டு. கொட்டை வேர்க்கடலை போல ருசியாக இருப்பதால் சில பிள்ளைகள் உடைத்துத் தின்றுவிடுகிறார்கள். வாந்தியும் பேதியும் பிடுங்கும். பயோடீசல் திட்டம் என்று 2003க்குப் பிறகு பல இடங்களில் நட்டுவிட்டு, விலை போகாமல் அப்படியே விட்ட காட்டாமணக்குகள் பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக நின்றால் அவற்றை எடுத்துவிடுவதே நல்லது.

சீமையிலும் இதே கதை

அழகுக்காக வளர்க்கும் உயிரைக் கழிக்கும்போது ஆபத்து வருவது நம் ஊர் வேலிக்கு மட்டும் உரியதல்ல. மேல்நாடுகளில் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல் மீன்களோடு பவள உயிரிகளையும் வளர்க்கிறார்கள். அவற்றில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. ஹவாய்த் தீவில் ஈட்டி முனையில் தடவப் பழங்குடிகள் உபயோகித்த அந்த விஷத்தை 1971ல் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். 2018 மார்ச்சில் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு அருகே ஸ்டீவன்டன் என்ற ஊரில், தொட்டியைச் சுத்தம் செய்து பவளத்தை வெளியே எடுத்த ஒரு வீட்டில் குடும்பமே காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாகப் படுத்துவிட்டது. உதவிக்கு வந்த தீயணைப்புப் படையினர் 4 பேரையும் சேர்த்து 10 பேர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. பவளம் ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போட்டு, ஆவியைச் சுவாசித்தவர்களும் இப்படிப் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். அதன் சாறு தெறித்துக் கருவிழி புண்ணானவர்களும் உண்டு. வாங்கும்போது கடைக்காரர் அழகைச் சொன்னாரே தவிர, கழிப்பதைப் பற்றிச் சொல்லவில்லை. அங்கே வளர்ப்பவர்களுக்கு இப்போது கொடுக்கும் ஆலோசனை கையுறை, கண்ணாடி, வெந்நீர் ஊற்றாதே, கை கழுவு என்பதுதான். கள்ளி வெட்டுகிறவருக்குச் சொல்வதும் ஏறக்குறைய இதேதான்.

வேலியை என்ன செய்வது?

இவ்வளவும் படித்துவிட்டு நாளைக்கே கள்ளி வேலியை வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. காட்டோரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத்தில், கள்ளியைப் போல மலிவான வேலி வேறு கிடையாது. மண் அரிப்பையும் தடுக்கிறது. வீட்டுக்குப் பின்புறம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பாதை, பெண்கள் தண்ணீர் எடுக்கப் போகிற வழி, களத்து மேடு ஆகிய இடங்களில் மட்டும் மாற்றிக்கொள்வது விவேகம். அங்கெல்லாம் கிளுவை நல்லது. போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும், முள்ளும் உண்டு, தழையை ஆடு தின்னும். வறட்சியையும் தாங்கும். நொச்சியும் மருதாணியும் கலந்து நட்டால் வேலி அடர்த்தியாக வரும். நொச்சித் தழையைத் தானியக் குதிரில் போடலாம், மருதாணி இலைக்குச் சந்தையில் விலையும் உண்டு.

கிளுவைப் போத்து கட்டைவிரல் கனத்தில் ஒரு முழம் நீளத்துக்கு மேல் இருக்க வேண்டும். வெட்டி இரண்டு நாள் நிழலில் வைத்திருந்து, மழை தொடங்கும் முன் ஒரு சாண் ஆழத்தில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டு ஊன்ற வேண்டும். ஏற்கெனவே நிற்கும் கள்ளியின் உள்பக்கமாக இதை ஊன்றி, கிளுவை தலை தூக்கியபிறகு கள்ளியை மெல்ல மெல்லக் கழித்துக்கொண்டு வந்தால் நடுவில் வயல் வேலி இல்லாமல் கிடக்காது.